தடியன் உள்ளான்

கிள்ளைப் படகுத்துறையில் நண்டுப் பறியோடு கரையேறுகிற யாரிடமாவது "எங்க கெடச்சிது?" என்று கேட்டுப் பாருங்கள். தெற்கே போய் வந்தவர் கூசாமல் வடக்கே கை காட்டுவார். வடக்கே போனவர் தெற்கே காட்டுவார். நண்டு வளை இருக்கும் இடத்தை உள்ளபடி சொன்னால் மறுநாள் விடியும் முன்னே அங்கே ஆறு கொக்கிகள் இறங்கிவிடும். அதனால் வாய் தானாகவே வேறு திசைக்குத் திரும்பிக்கொள்ளும். ஊரில் இதை யாரும் பொய் என்று சொல்வதில்லை. கேட்டவரும் நம்புவதில்லை. கேட்பது ஒரு மரியாதை, மாற்றிச் சொல்வது பதில் மரியாதை, அவ்வளவுதான்.

இந்த மரியாதையால்தான் மங்கம்மா மூன்று வருடம் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு திரிந்தாள்.

மங்கம்மாவுக்கு நாற்பத்தாறு வயது. ஆறாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. கணவன் விசைப்படகில் கடலுக்குப் போகிறவன். ஒரே மகள் சுவாதி கடலூரில் நர்சிங் படிக்கிறாள். மங்கம்மாவுக்குப் பிச்சாவரத்துச் சதுப்புநிலக் காடுதான் பிழைப்பு. நீர் வற்றும் நேரம் பார்த்துச் சுரபுன்னை வேர்களுக்கு நடுவே இறங்கி, வளைக்குள் கொக்கி விட்டு நண்டை இழுத்து, இடுப்பில் கட்டிய பறியில் போட்டுக்கொண்டு வருவாள். வாய் கொஞ்சம் நீளம். அவளோடு சண்டைக்குப் போய் ஜெயித்தவர்கள் அந்தத் துறையில் கிடையாது.

அப்படிப்பட்டவள் பறவைக் கணக்கெடுப்புக்குள் வந்தது தற்செயல். ஒவ்வொரு தையிலும் மாசியிலும், அழியும் நிலையில் இருக்கிற பறவைகளை எண்ணுவதற்காகச் சிதம்பரத்திலிருந்து ஒரு குழு காட்டுக்குள் வரும். ஆறு வருடங்களுக்கு முன் அவர்கள் பச்சமுத்துவின் படகை அமர்த்தினார்கள். பச்சமுத்து அவளுடைய கொழுந்தன். தொலைநோக்கியின் முக்காலியைத் தூக்க ஆள் வேண்டும் என்றதும் அண்ணியைக் கூட்டிக்கொண்டு போனான். முதல் நாளே ஒரு பெரிய உள்ளான் பறவைக் கூட்டம் சேற்றிலிருந்து எழும்பியது. படித்த பிள்ளைகள் நான்கு பேர் இருநூறா முந்நூறா என்று சண்டை பிடித்தார்கள். படகின் பின்பக்கத்திலிருந்து மங்கம்மா, "எரநூத்தி நாப்பது. முன்ன பின்ன அஞ்சு இருக்கும்" என்றாள். அன்று சாயங்காலம் புகைப்படத்தைப் பெரிதாக்கிப் புள்ளி வைத்து எண்ணினார்கள். இருநூற்று நாற்பத்து மூன்று.

கல்யாணத்துக்கு முன் இறால் உரிக்கும் ஷெட்டில் எட்டு வருடம் வேலை பார்த்தவள் அவள். ஒரு கை அள்ளினால் எத்தனை இறால் என்று பார்க்காமலே சொல்லும் கண்ணும் கையும் அங்கே பழகியவை. அதற்குப் பிறகு முக்காலியை வேறு யாராவதுதான் தூக்கினார்கள். மங்கம்மா எண்ணினாள். ஆறு வருடத்தில் எழுபது பறவைகளுக்கு மேல் அடையாளம் கற்றுக்கொண்டாள். இங்கிலீஷ் பெயர்களைத் தன் இஷ்டத்துக்குச் சுருக்கிக்கொண்டாள். பெயரில்லாதவற்றுக்குத் தானே பெயர் வைத்தாள்.

அப்படி வைத்த ஒரு பெயர்தான் தடியன். உள்ளான்களிலேயே பருத்த உள்ளான். குட்டைக் கால், நேரான நீண்ட அலகு, நெஞ்சின் ஓரங்களில் கருப்புப் புள்ளிகள். வடதுருவத்துக்குப் பக்கத்திலிருந்து குளிர்காலத்தில் இறங்கி வருகிற இந்தப் பறவை உலகம் முழுக்கவே வேகமாகக் குறைந்துகொண்டிருக்கிறது. குழுவிடம் இருந்த பட்டியலில் முதல் பக்கத்தில் படத்தோடு இருந்தது. ஆனால் இந்தக் காட்டில் பார்த்தவர் யாரும் இல்லை.

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு தை மாதக் காலையில், கணக்கெடுப்பு இல்லாத நாளில், மங்கம்மா அதைப் பார்த்தாள். அவளுக்கு மட்டுமே தெரிந்த நண்டு இடம் ஒன்று காட்டின் தெற்குக் கோடியில் இருந்தது. யாரோ போட்டுவிட்டுப் போன பழைய இறால் குட்டை. சுற்றிலும் தில்லை மரங்கள். அதன் பால் கண்ணில் பட்டால் எரிச்சல் உயிர் போகும் என்பதால் யாரும் அந்தப் பக்கம் நுழைவதில்லை. குட்டையின் மேட்டில் தடியன்கள் வரிசையாக ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தன. நாற்பதுக்குக் குறையாது.

அவசர அவசரமாகத் துறைக்கு வந்தவளுக்கு எதிரிலேயே, படகு வாடகை கொடுக்க வந்திருந்த வினோதினி நின்றிருந்தாள். திட்டக்குடிப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண், சிதம்பரத்தில் ஆராய்ச்சி மாணவி, குழுவின் பொறுப்பாளர். செய்தியைக் கேட்டதும் அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"எங்கக்கா பாத்தீங்க?"

சுற்றிலும் ஏழு நண்டுக்காரிகள் பறியோடு நின்றார்கள்.

"வடக்க. மொகத்துவாரத்துத் திட்டுல" என்றது மங்கம்மாவின் வாய்.

வினோதினி அதை அப்படியே படிவத்தில் எழுதிக் கையெழுத்தும் போட்டாள். மங்கம்மாவுக்கு வீட்டுக்குப் போய்ச் சோற்றில் கை வைத்த பிறகுதான் தான் செய்தது உறைத்தது. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். நாளை மறுநாளாயிற்று. படிவம் கடலூருக்குப் போய்விட்டது. இனிமேல் சொன்னால் பொய்க்காரி என்று ஆகிவிடுமே என்ற வெட்கம் ஒரு பக்கம், இடம் போய்விடுமே என்ற பயம் ஒரு பக்கம். அடுத்த வருடம் வடக்குத் திட்டில் தேடினார்கள். ஒன்றுமில்லை. அதற்கடுத்த வருடமும் ஒன்றுமில்லை. பறவை எங்கே இருக்கிறது என்று தெரிந்த ஒரே ஆள் படகில் உட்கார்ந்துகொண்டு தானும் சேர்ந்து தேடுகிற மாதிரி நடித்த கொடுமையை என்னவென்று சொல்வது.

போன தையில் கணக்கெடுப்பு தொடங்கும் முன் ஆரோக்கியராஜ் சார் கடலூரிலிருந்து வந்தார். ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர். இந்தக் கரையோரம் முழுவதற்குமான கணக்கெடுப்பை நடத்துகிறவர். இருபத்திரண்டு வருடமாகத் தேடியும் தடியனை இந்தக் கரையில் பார்க்காதவர். குரல் உயர்த்தாமல் பேசுவார்.

"தப்பு சொல்லலம்மா. தூரத்துல பாத்தா யாருக்கும் கொழப்பம் வரும். இந்த வருசமும் அங்க இல்லன்னா அந்தப் பதிவ அடிச்சிடணும். அடிச்சா, நீங்க ஆறு வருசமா எண்ணிக் குடுத்த எல்லாத்துக்கும் பக்கத்துல சந்தேகம்னு ஒரு குறிப்பு எழுதவேண்டி வரும். வழக்கம் அப்டி."

ஆறு வருடமாகச் சேற்றில் நின்று எண்ணிய ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் சந்தேகம். மங்கம்மா அன்றிரவு சாப்பிடவில்லை.

கணக்கெடுப்பு நாள். வாடைக்காற்று குத்தியது. விடிந்ததும் பச்சமுத்து கோல் போட, படகு வடக்குத் திட்டுக்குப் போனது. இரண்டு மணி நேரம் பார்த்தார்கள். ஆலா இருந்தது, நாரை இருந்தது, சின்ன உள்ளான்கள் ஏராளம். தடியன் இல்லை. வினோதினி படிவத்தை மடியில் வைத்துப் பேனாவைத் திறந்தாள். சைபர் போட வேண்டிய கட்டத்தை மங்கம்மா பார்த்தாள்.

"எழுதாதம்மா" என்றாள். "நான் பாத்தது இங்க இல்ல. தெக்கால."

வினோதினி நிமிர்ந்தாள். "என்னக்கா சொல்றீங்க?"

"தொறையில வச்சிக் கேட்டியே. சுத்தி அத்தினி பேரு நின்னாளுங்க. என் நண்டு எடம் அது. வாயி வடக்கன்னு சொல்லிப்புட்டுது."

"அப்பறம் தனியா சொல்லியிருக்கலாம்ல? ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல?"

"பண்ணியிருக்கலாம்." மங்கம்மா ஒத்துக்கொண்டாள். "வெக்கமா இருந்துச்சி. எடம் பூடுமேன்னும் இருந்துச்சி. ரெண்டுந்தான்."

கோலை ஊன்றி நின்ற பச்சமுத்து சிரித்துவிட்டான். "அண்ணி வடக்கன்னு சொன்னப்பவே எனக்குத் தெரியும் மேடம், தெக்காலதான்னு. எந்த வாய்க்கான்னுதான் தெரியல. நீங்க ரெண்டு வருசமா வடக்கயே போவச் சொன்னீங்களா, படிச்சவங்க வழக்கம் வேற போலன்னு இருந்துட்டேன்."

வினோதினிக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு குளிர்காலம் இந்தத் திட்டில் விறைத்தவள் அவள். கையெழுத்துப் போட்டதற்காகத் தன் ஆராய்ச்சித் துறையில் பேச்சு வாங்கியவளும் அவள்தான். கண்ணில் நீர் கட்டியது. திட்டினால் வாங்கிக்கொள்ளலாம் என்று மங்கம்மா தலையைக் குனிந்து காத்திருந்தாள். ஆனால் வினோதினி பேனாவை மூடினாள்.

"போவ எவ்ளோ நேரம் ஆவும்?"

"முக்கா மணி. தண்ணி உள்ள ஏறுது, படகத் தள்ளிக்கிட்டே போவும். ஏத்தத்துலதான் அதுங்க குட்ட மேட்டுக்கு வரும். தண்ணி எறங்கிடுச்சின்னா சேத்துக்குப் பறந்துடும், அப்பறம் புடிக்க முடியாது. வெரசா போவணும்."

பச்சமுத்து கோலைப் போட்ட போடில் படகு திரும்பியது. இப்போது மங்கம்மா முன்னால் உட்கார்ந்து வழி சொன்னாள். சோத்துக்கைப் பக்கம், பீச்சாங்கைப் பக்கம், மூன்றாவது வாய்க்கால், சாய்ந்த வெண்கண்டல் மரம். மூன்று வருடம் பூட்டி வைத்த வழியை ஒவ்வொன்றாகக் கொழுந்தனுக்கு எதிரிலேயே அவிழ்த்தாள். அவன் மனைவியும் நண்டு பிடிக்கிறவள். சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். தெரியட்டும் என்று விட்டுவிட்டாள். விட்டதும் உடம்பே லேசானது.

கடைசி வாய்க்காலில் படகு தரை தட்டியது. இறங்கி இடுப்புவரை சேற்றில் நடந்தார்கள். தில்லை மரங்கள் வந்ததும் மங்கம்மா முந்தானையைக் கிழித்து வினோதினியின் முகத்தைச் சுற்றிக் கட்டினாள்.

"கெளைய ஒடிச்சிடாத. குனிஞ்சி வா."

குட்டைக் கரையில் இருவரும் வயிற்றால் ஊர்ந்து ஏறினார்கள். மங்கம்மா முதலில் எட்டிப் பார்த்தாள்.

இருந்தன. மேடு முழுக்க நின்றன. பருத்த உடம்பும் குட்டைக் காலுமாக, காற்றுக்கு எதிராக முகம் வைத்து, ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு, அத்தனையும் தடியன்கள். மங்கம்மா பக்கத்தில் வினோதினியின் முதுகில் கையை வைத்து மெல்ல அழுத்தினாள். அந்தப் பெண் முதுகு குலுங்க அழுதுகொண்டே கேமராவை எடுத்தாள்.

இருவரும் தனித்தனியாக எண்ணினார்கள். வினோதினிக்கு ஐம்பத்தெட்டு வந்தது. மங்கம்மாவுக்கு அறுபத்தொன்று. மறுபடி எண்ணலாம் என்று பார்த்தபோது ஒரு பருந்து மேலே நிழல் போட்டது. கூட்டம் மொத்தமும் குபீரென்று எழும்பி, குட்டையை ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடி மேட்டில் இறங்கியது.

"அறுபத்தொண்ணு" என்றாள் மங்கம்மா. "நீ பின்னால நின்ன மூணப் பாக்கல."

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்ததில் அறுபத்தொன்றுதான் இருந்தது. ஒன்றின் காலில், ஏதோ ஒரு தூரதேசத்தில் யாரோ அடையாளத்துக்கு மாட்டிவிட்ட சின்னப் பிளாஸ்டிக் கொடி கூடத் தெரிந்தது.

வினோதினி வேறு யாரையும் கேட்காமல் நேராக ஆரோக்கியராஜ் சாருக்குப் படங்களை அனுப்பினாள். ஐந்து நிமிடத்துக்குப் பிறகு போன் அடித்தது. மங்கம்மா போனை வாங்கி முதலில் பொய் சொன்னதைச் சொன்னாள். பிறகுதான் பறவையைச் சொன்னாள். அவர், "நாளைக்கு வரேன்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். திட்டுவதற்கு வருகிறாரா என்று அவளுக்குத் தெரியவில்லை.

திரும்பும்போது பச்சமுத்து சும்மா வரவில்லை. துறைக்கு நூறடி இருக்கும்போதே, "எங்க அண்ணி கண்டுபுடிச்சிட்டாங்க" என்று கோலைத் தூக்கிக் காட்டினான். வலை உலர்த்தியவர்கள் எழுந்து வந்தார்கள். வினோதினியின் கேமராவைச் சுற்றி ஊரே தலையை நீட்டியது. மங்கம்மா தலையிலிருந்து கால்வரை சேறாக, கிழிந்த முந்தானையோடு, கல்யாணப் பெண்ணைப் போல நடுவில் நின்றாள்.

மறுநாள் ஏற்ற நேரத்துக்கு ஆரோக்கியராஜ் சார் வந்தார். அறுபத்தெட்டு வயசு. முழங்கால் வலியோடு அந்தச் சேற்றில் நடந்தார், தில்லைக்குக் கீழே குனிந்தார், கரையில் ஊர்ந்தார். தொலைநோக்கியில் கண்ணை வைத்தவர் எடுக்கவே இல்லை. எவ்வளவு நேரம் என்று யாரும் பார்க்கவில்லை. எடுத்தபோது அவர் கண் சிவந்திருந்தது. தில்லைப்பால் பட்டுவிட்டதோ என்று மங்கம்மா பதறினாள். இல்லை என்று தலையாட்டினார்.

பையிலிருந்து பழைய படிவத்தை எடுத்தார். இடம் என்ற கட்டத்தில் வடக்குத் திட்டை அடித்து, தெற்குக் கோடிக் குட்டை என்று எழுதினார். பார்த்தவர் என்ற கட்டத்தில் மங்கம்மாவின் பெயர் அப்படியே இருந்தது. பிறகு புதுப் படிவத்தை எடுத்துப் பேனாவைத் திறந்தார். தொலைநோக்கியின் பக்கம் மறுபடி திரும்பவில்லை.

"எத்தினிம்மா?"

"நேத்து அறுபத்தொண்ணு சார். இன்னிக்கி அறுபத்தி மூணு. ரெண்டு புதுசா வந்திருக்கு." அவர் எழுதப் போவதைப் பார்த்து அவளுக்குப் பயம் வந்துவிட்டது. "ஒரு வாட்டி நீங்களும் எண்ணிப் பாத்துடுங்க சார்."

"நீங்க எண்ணிட்டீங்கல்ல" என்றார் ஆரோக்கியராஜ் சார். அறுபத்து மூன்று என்று எண்ணாலும் எழுத்தாலும் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டார்.