உப்புப் பார்க்க ஒரு ஆள்

எனக்கு இன்னும் கோபம் அடங்கல. சொல்றது முன்ன பின்ன இருந்தா பொறுத்துக்கங்க.

எங்க யூனிவர்சிட்டி கேண்டீன்ல மைமூன் அக்கா இந்தியன் முஸ்லிம் சாப்பாட்டுக் கடை வெச்சிருக்காங்க. பக்கத்து டிரிங்க்ஸ் கடை என்னுது. என் பேரு இருதயராஜ். அக்கா வெங்காயம் வதக்குற புகையிலதான் நான் வருஷக்கணக்கா தே தாரிக் டீயை ஆத்தி இழுக்கிறேன்.

அக்கா பொறந்தது தஞ்சோங் பகார்ல. அத்தா துறைமுகத்துல மூட்டை தூக்குனவர். அந்தக் காலத்துல கடையநல்லூர்லேர்ந்து வந்தவங்கள்ல பாதிப் பேர் அங்கதான் இருந்தாங்க. செகண்டரி டூவோட, அதாவது எட்டாவதோட, அக்கா படிப்பு நின்னுபோச்சு. ஏன்னு கேட்டா, "வீட்ல ஆள் அதிகம், தட்டு கம்மி"ம்பாங்க. அதுக்கு மேல ஒரு வார்த்தை வராது. வீட்டுக்காரர் ஹனீபா தவறிப்போனதுக்கப்புறம் கடையைத் தனியாத்தான் பார்க்கிறாங்க. சுவா சூ காங் வீட்லேர்ந்து கிளம்பி, தேக்கா மார்க்கெட்டுக்குப் போய்க் கறி வாங்கிட்டு வருவாங்க. அங்க கறிக்கடைக்காரன் அக்காவைப் பார்த்தா கொழுப்பை வெட்டி எறிஞ்சிட்டுத்தான் குட் மார்னிங்கே சொல்வான். அக்காவுக்கு அப்படி ஒரு வாய்.

நோன்பு மாசத்துலயும் அக்கா கடை உண்டு, மத்த பிள்ளைங்க சாப்பிடணும்ல. ஆனா சமைக்கிறவங்க வாயில எதையும் வைக்க மாட்டாங்க. நாக்குல வெச்சுத் துப்பிட்டா நோன்பு முறியாதுன்னு யாரு சொன்னாலும் காதுல வாங்க மாட்டாங்க. முன்னெல்லாம் நான்தான் உப்புப் பார்த்துச் சொல்வேன். பிரஷர்னு டாக்டர் எனக்கு உப்பை நிறுத்துன பிறகு, எதை வாயில வெச்சாலும் கடல் தண்ணியாத்தான் தெரியுது. போன வருஷ நோன்புல என்னை ஓரங்கட்டிட்டு, தண்ணி பிடிக்க வந்த ஒரு பொண்ணை அக்கா கூப்பிட்டாங்க.

யாமினின்னு பேரு. உட்லண்ட்ஸ்ல வாடகை வீடு, அம்மா ஆபீஸ் கூட்டித் துடைக்கிறாங்க. மத்தியானம் ஆனா பாட்டில்ல தண்ணி பிடிச்சுக்கிட்டு, சோத்துக் கடைப் பக்கம் தலையைத் திருப்பாம போய்டுவா.

"தமிழ்ப் புள்ளதானே? இந்தா, உப்புப் பார்த்துச் சொல்லு" ன்னு அக்கா சோறும் கோழிக்கறியும் போட்டுக் குடுத்தாங்க. தட்டை வழிச்சு வெச்சிட்டு, "சரியா இருக்கு ஆன்ட்டி" ன்னா. அடுத்து வாங்குன சீனப் பையன் ஒரு வாய்தான் வெச்சான், தட்டைத் திருப்பிக் கொண்டாந்துட்டான். "டேஸ்டே இல்ல லா, ஆன்ட்டி" ன்னு இங்கிலீஷ்ல சொன்னான். அன்னைக்கு அக்கா கறியில உப்பே போடல, சுத்தமா மறந்துட்டாங்க.

அக்கா கரண்டியைக் கீழ வெச்சாங்க. "உப்பில்லாத கறியை எப்படி ராஜு அந்தப் புள்ள அப்படித் தின்னுச்சு?" ன்னு கேட்டாங்க. ரெண்டு பேருக்கும் பதில் தெரியும்.

மறுநாள்லேர்ந்து உப்புப் பார்க்கிறது யாமினி வேலையாயிடுச்சு. "ஒரு வாய்ல என்ன தெரியும்? தட்டு முழுக்கச் சாப்பிட்டுச் சொல்லு." இதுதான் அக்கா சட்டம். பெருநாள் போன பிறகும் வேலை முடியல. வயசாச்சு, நாக்கு செத்துப்போச்சுன்னு அக்கா வாய் கூசாம புளுகுனாங்க. யாமினியும் போகப் போகத் தேறிட்டா. "சீரகம் தூக்கலா இருக்கு ஆன்ட்டி" ன்னு அக்காகிட்டயே வாயாடுவா.

இந்த வருஷம் மாணவர் நல ஆபீஸ்ல இலவசச் சாப்பாட்டு அட்டை கொண்டாந்தாங்க. ஏதோ ஒரு பெரிய கம்பெனி பணம் போட்டுச்சு. திட்டம் நல்ல திட்டம், நான் இல்லேங்கல. ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஆகும்னு யாமினியும் அட்டை வாங்குனா. வாங்குறப்ப படம் எடுத்தாங்க. அட்டையில ஒட்டத்தான்னு நினைச்சு அவளும் சிரிச்சிருக்கா.

ஒரு வாரத்துல அந்தச் சிரிப்பு ஆளுயரத்துக்குக் கேண்டீன் வாசல்ல தொங்குது. 'யாமினி இனி பசியோடு வகுப்புக்கு வரமாட்டாள்' னு இங்கிலீஷ்ல கொட்டை எழுத்து. பணம் போட்ட கம்பெனிக்கு மூலையில சின்னதா ஒரு லோகோ. சோறு போட்டவனுக்குக் கூச்சம் இருக்கு, தின்னவளுக்கு இருக்கக்கூடாதா? கூடப் படிக்கிறதுங்க அந்தப் படத்துக்குப் பக்கத்துல நின்னு செல்ஃபி எடுத்துச்சுங்க.

அதோட யாமினி கேண்டீன் பக்கம் வரல. வகுப்புக்கும் வரல. அக்கா போன் போட்டதுக்கு, "இந்த செமஸ்டரோட படிப்பை நிறுத்திக்கிறேன் ஆன்ட்டி. வேலைக்குப் போறேன்" ன்னு சொல்லியிருக்கா. அக்கா படத்தை எடுக்கச் சொல்லி ஆபீஸுக்கு நடந்தாங்க. திட்டத்துக்குத் தொடக்க விழா இருக்கு, அது முடியட்டும்னுட்டாங்க ஆபீஸ்காரங்க. அதுக்கு மேல, விழாச் சாப்பாட்டையும் அக்காவையே ஆக்கச் சொன்னாங்க. அக்கா சரின்னுட்டாங்க. எனக்கு அக்கா மேலயே ஆத்திரம் வந்துச்சு.

அதுக்குள்ள திரும்பவும் நோன்பு மாசம் வந்திருச்சு. விழா அன்னைக்கு நெய்ச்சோறு, தால்ச்சா, கோழிக் குருமா. வாசனை மாடி வரைக்கும் போச்சு. பேச்சு முடிஞ்சு கம்பெனிக்காரங்க கோட்டும் டையுமா தட்டை ஏந்திக்கிட்டு வரிசையில நின்னாங்க. அக்கா பாத்திரத்தை மூடி, மூடி மேல கையை வெச்சுக்கிட்டாங்க.

நல ஆபீஸ் ரோஷினி ஓடி வந்துச்சு. சின்னப் பொண்ணு, முகமெல்லாம் வேர்வை. "ஆன்ட்டி, கெஸ்ட்லாம் வெயிட் பண்றாங்க, ஓப்பன் பண்ணுங்க, ப்ளீஸ்."

"நான் நோன்பு. இன்னும் உப்புப் பார்க்கல."

"நான் பார்க்கிறேன் ஆன்ட்டி."

"உப்புப் பார்க்க எனக்கு ஆள் இருக்கு. அவளை நீங்க வாசல்ல தொங்க விட்டிருக்கீங்க. மொதல்ல இறக்கு. அப்புறம் அவகிட்ட நீயே மன்னிப்புக் கேட்டு, அவ இஷ்டப்பட்டா கூட்டிட்டு வா. அவ வராம இந்த மூடி திறக்காது."

"அவ மாடியில எங்க ஆபீஸ்லதான் இருக்கா ஆன்ட்டி. படிப்பை நிறுத்தறதைப் பத்திப் பேச வந்திருக்கா."

"அப்ப இன்னும் ஏன் இங்க நிக்கிறே?"

ரோஷினி வரிசையைப் பார்த்துச்சு, மூடியைப் பார்த்துச்சு. அப்புறம் வாசலுக்குப் போய், நாற்காலி மேல ஏறி, அதுவே தன் கையால படத்தைக் கழட்டுச்சு. சுருட்டி அக்குள்ல வெச்சுக்கிட்டு மாடி ஏறுச்சு. பெரிய மனுஷங்க காலை மாத்தி மாத்தி நின்னாங்க. ஒருத்தர் என்கிட்ட பிஸ்கட் இருக்கான்னு கேட்டார். முடிஞ்சுபோச்சுன்னேன். பின்னாடி ரெண்டு டின் இருந்துச்சு.

யாமினி வந்தா. கண்ணு சிவந்திருந்துச்சு. ரோஷினிக்கும்தான். அக்கா ஒண்ணும் விசாரிக்கல. நெய்ச்சோறு போட்டு, ரெண்டு துண்டு கோழி வெச்சு, தால்ச்சா ஊத்தி, மேசையைத் துடைச்சு உக்கார வெச்சாங்க. திரும்பவும் மூடியை மூடிட்டாங்க.

யாமினி ஒரு வாய் வெச்சுட்டு வரிசையைப் பார்த்தா. எழுந்திரிக்கப் போனா.

"உக்காரு. ஒரு வாய்ல என்ன தெரியும்?"

கோட்டுப் போட்டவங்க அத்தனை பேரும் வெறுந்தட்டோட நிக்க, அந்தப் புள்ள உக்காந்து, அவசரப்படாம, எலும்பு வரைக்கும் சாப்பிட்டா. கையைத் துடைச்சுக்கிட்டு அக்காவைப் பார்த்தா.

"குருமால உப்பு பத்தல ஆன்ட்டி. நாளைக்கும் நானே வந்து பார்க்கிறேன்."