தண்ணீர் ஊற்றக் கூடாத தொட்டி

பள்ளிக்கூடத்தில் நான் ஒழுங்காகக் கற்றுக்கொண்டது மதில் ஏறிக் குதிப்பது ஒன்றைத்தான். துபாயில் பிளம்பர் ஆனதுகூடப் படித்து இல்லை. கேம்ப்பில் ஒரு குழாய் ஒழுகியது, நான் கையால் பொத்திக்கொண்டு நின்றேன், அந்தப் பக்கம் வந்த ஃபோர்மேன் நான் ரிப்பேர் செய்வதாக நினைத்துவிட்டார். அன்றிலிருந்து கேட்ட இடத்துக்குத் தண்ணீர் கொண்டுபோவதுதான் என் பிழைப்பு. தண்ணீர் மட்டும் கொண்டுவந்துவிடாதே என்று ஒரே ஒரு வில்லாவில்தான் சொன்னார்கள்.

யூதர்கள் கூடிப் பிரார்த்தனை செய்யும் வில்லா அது. பின்பக்க அறையில் தரைக்குக் கீழே ஒரு தொட்டி, இறங்கப் படிகள், சுற்றிலும் நீல டைல்ஸ். கடைசிக் குழாய் வேலைக்கு நானும் என் ரூம்காரனும் போனோம். உச்சந்தலையில் சின்னத் தொப்பி வைத்த ஒருவர் வாசலில் நின்றார்.

"சலாம் பாய்" என்றேன்.

"பாய்னே கூப்பிடு. ஆனா நான் யூதன்" என்று இந்தியில் சிரித்தார். பம்பாய்க்காரர். நாங்கள் பேசியதெல்லாம் இந்தியில்தான். என் இந்தியை அப்படியே எழுதினால் வடக்கே யாராவது அடிக்க வருவார்கள், அதனால் தமிழிலேயே சொல்கிறேன்.

அடுத்த வாரம் அவர் மகளுக்குக் கல்யாணம். அதற்கு முன்னால் பெண் இந்தத் தொட்டியில் முழுக வேண்டும். அது அவர்கள் மதத்தில் விட முடியாத சட்டம். துபாயில் மழை தூறும் குளிர்காலத்துக்குள் முடிந்திருக்க வேண்டிய தொட்டி, டைல்ஸ் வராமல் இழுத்து இழுத்து ஆகஸ்டுக்கு வந்து, காய்ந்து கிடந்தது.

"இதுக்கா பாய் மூஞ்சியைத் தொங்கப்போடுறீங்க? டேங்கருக்கு ஒரு போன் போட்டா ரொம்பிரும்."

"டேங்கர் தண்ணி செல்லாது."

"மினரல் வாட்டர்?"

"மனுஷன் தூக்கிட்டு வந்தது, பம்பு இழுத்தது, எதுவும் ஆகாது. வானத்திலேருந்து விழுந்து தானா ஓடி வரணும்."

நான் வானத்தைப் பார்த்தேன். கண் கூசியது. என் ரூம்காரன் தமிழில் கேட்டான், "மழைக்கு யாருகிட்ட மாப்ள ஆர்டர் குடுக்கணுமாம்?"

ஊரில் இதுபோல் இருந்த இன்னொரு தொட்டியும் ரிப்பேரில் இருந்தது. இது நிரம்பாவிட்டால் கல்யாணப் பெண்ணை விமானத்தில் பம்பாய்க்கு அனுப்பி, முழுக வைத்துத் திரும்பக் கூட்டிவர வேண்டும். விருந்தாளிகள் வந்திறங்கும் நேரத்தில் பெண்ணே ஊரில் இருக்க மாட்டாள். அவர் பாவம், நெற்றியைத் தேய்த்துக்கொண்டே நின்றார்.

அப்போதுதான் அவர்களுடைய மதகுரு வந்தார். நீளத் தாடி, இங்கிலீஷ் மட்டும். அவர் ஏதோ சொல்ல, பம்பாய்க்காரர் நிமிர்ந்தார்.

"ஐஸ் ஆகுமாம். தூக்கிட்டு வரும்போது அது தண்ணி இல்ல. இங்கயே கிடந்து உருகினா, இங்கயே பொறந்த தண்ணி. ஆனா வழியில உருகின தண்ணி சொட்டி உள்ள சேர்ந்துடக் கூடாது. சேர்ந்தா எல்லாத்தையும் எறைச்சுட்டு மொதல்லேருந்து ஆரம்பிக்கணும்."

குருவின் அம்மாவைப் பெற்றவர் பனி பெய்யும் தேசத்தில் இருந்தவராம். அரசாங்கம் இந்தக் குளியலையே தடை செய்தபோது, வீட்டுத் தரைப்பலகைக்குக் கீழே குழி வெட்டி, மூட்டை மூட்டையாகப் பனியைக் கொட்டி நிரப்பினார்களாம்.

"அவங்களுக்குப் பனி, நமக்கு மீன் ஐஸ்" என்றான் ரூம்காரன்.

மீன் துறைமுகத்து ஐஸ் ஃபேக்டரியில் பேசி, ஃப்ரீசர் வண்டிக்குச் சொல்லிவிட்டுக் காத்திருந்தோம். பம்பாய்க்காரர் தன் முன்னோர் கதையைச் சொன்னார். கப்பல் உடைந்து கொங்கணக் கரையில் ஒதுங்கினார்களாம். வேதப் புத்தகங்கள் கடலோடு போய்விட்டன. பிழைக்கச் செக்காட்டினார்கள். ஆனால் யூதர்கள் வேலை செய்யக் கூடாத நாளான சனிக்கிழமை மட்டும் செக்கு சுற்றாது. ஊர்க்காரர்கள் சனிக்கிழமை எண்ணெய்க்காரர்கள் என்றே பேர் வைத்துவிட்டார்கள்.

"புத்தகமே இல்லாம எப்படி பாய் விடாம இருந்தாங்க?"

"எல்லாம் மறந்துபோச்சு. சனிக்கிழமையை மட்டும் கெட்டியாப் புடிச்சுக்கிட்டோம். அதுவே எங்களை இன்னார்னு காட்டிக் குடுத்துச்சு."

நான் அவ்வளவு கெட்டியாகப் பிடித்தது அந்த ஒழுகும் குழாயை மட்டும்தான்.

வண்டி வந்தது. பின்பக்கச் சந்துக்குள் அது நுழையவில்லை. நான் வீரனாகச் சாக்கை மடித்துத் தலையில் போட்டு, ஐஸ் பாரைத் தூக்கி வைத்துக்கொண்டு நடந்தேன். பாதி வழியிலேயே ஐஸ் உருகி என் மூக்கு நுனியில் சொட்டியது. அறை வாசலில் குரு கையை நீட்டித் தடுத்தார். நான் திடுக்கிட்டு நிற்கப் போய், கீழே கிடந்த சென்ட்ரிங் பலகையில் வழுக்கி மல்லாந்தேன். ஐஸ் பார் மட்டும் பலகை மேலேயே சர்ரென்று போய்க் குருவின் ஷூவுக்கு முன்னால் நின்றது.

"உன்னைவிட ஐஸுக்கு வேலை தெரியுது மாப்ள" என்றான் ரூம்காரன்.

பம்பாய்க்காரர் என்னைத் தூக்கிவிடக்கூட மறந்து பலகையையே பார்த்தார். "தூக்க வேணாம் பாய். இப்படியே தள்ளலாம்."

சரிவுக்கு எங்கள் தொழிலில் வாட்டம் என்று பெயர். தண்ணீர் உள்ளே போகத்தான் அதுவரை வாட்டம் வைத்திருந்தேன். அன்று ஐஸ் உள்ளேயும் தண்ணீர் வெளியேயும் போக வேண்டும். சந்து முழுக்கப் பலகை போட்டு, சொட்டுவது ஓரமாக வடியும்படி ஒருபக்கம் சாய்த்தோம். தொட்டிக்கு முன்னால் சாக்கடைக் கம்பி மூடியை வைத்து, அடியில் தட்டு வைத்தோம். மிச்சமிருப்பதைத் துடைக்கக் கல்யாணத்துக்கு வாங்கிய புதுத் துண்டுகளையே பம்பாய்க்காரர் கொண்டுவந்தார். ரூம்காரன் தள்ள, நான் கம்பி மேல் திருப்பிப் போட, அவர் குழந்தைக்குத் தலை துவட்டுவது போல் ஒவ்வொரு பாரையும் துடைத்து உள்ளே இறக்கினார். குரு தரையில் குப்புறப் படுத்துத் தொட்டி விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சொட்டுகூட உள்ளே போகவில்லை. தாடிதான் நனைந்தது.

கடைசிப் பாரையும் போட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். எல்லாம் உருகி முடிந்த பிறகு குரு கோலை விட்டு அளந்தார். நிமிர்ந்து, "கோஷர்" என்றார்.

"செல்லும்" என்று சொல்லிவிட்டு, பம்பாய்க்காரர் ஈரச் சட்டையோடு என்னைக் கட்டிக்கொண்டார்.

முழுக்கு நாளன்று பெண்கள் மராத்தியில் பாடிக்கொண்டு வந்தார்கள். ஆண்களையெல்லாம் கேட்டுக்கு வெளியே துரத்தினார்கள். எங்கள் கையில் ஆளுக்கொரு தட்டு. அவலில் தேங்காய்த் துருவலும் சர்க்கரையும் பழமும் கலந்து, அதற்கு மலிதா என்று பேர். "நம்ம அவல்தான் மாப்ள, பேரை மாத்திக்கிட்டு வந்திருக்கு" என்று ரூம்காரன் இரண்டாம் தட்டுக்குக் கை நீட்டினான்.

கொஞ்ச நேரத்தில் மணப்பெண் ஈரத் தலையோடு வெளியே வந்தாள். பல் கிடுகிடுவென்று அடித்தது, முகத்தில் மட்டும் அப்படி ஒரு சிரிப்பு.

"அப்பா, ஃப்ரிட்ஜுக்குள்ள போய்ட்டு வந்த மாதிரி இருக்கு."

அவர் அவள் தலையில் கை வைத்து, உதடு அசைய ஏதோ சொன்னார். பிறகு என் தோளைப் பிடித்து இழுத்து, கோட்டும் பட்டும் உடுத்தி நின்ற சொந்தக்காரர்கள் முன்னால் நிறுத்தினார்.

"இந்த பாய்தான் தண்ணி கொண்டுவந்தவர்."

என் வாழ்க்கையில் படித்தவர்கள் பேச்சை நான் திருத்தியதே இல்லை. அன்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திருத்தினேன்.

"தண்ணி இல்ல பாய், ஐஸ். தண்ணி கொண்டுவந்திருந்தா செல்லாது."