கட்டம் போட்ட மனு

தேவானையை யாராவது "வாய்க்கொழுப்பு பிடிச்சவ" என்று சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அடையாறில், வீடு ஒதுக்கும் அலுவலகத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்து, கேட்பவர்களுக்கு மனுவும் எழுதித் தருகிறவள் நான். அன்று நடந்ததைக் கிட்ட நின்று பார்த்தவள். கேட்டுவிட்டு அப்புறம் பேசுங்கள்.

தேவானை முப்பது வருஷம் ஆற்றோரத்தில் குடியிருந்தவள். மயிலாப்பூரில் ஒரு மெஸ்ஸில் பாத்திரம் தேய்க்கிறாள். ஈக்காட்டுத்தாங்கல் பட்டறையில் இரும்புத் தகடு விழுந்து புருஷன் அம்மாசிக்கு இடது கால் போய்விட்டது. ஆற்றோரத்தைக் காலி செய்யுங்கள், ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் வீடு தருகிறோம் என்று வந்தவர்களிடம் அவள் கேட்டது ஒன்றே ஒன்று, தரைத்தளம். அங்கே லிஃப்ட் இருக்கிறதாம். பேருக்கு இருக்கிறது, ஓடினால்தானே!

அவளுடையது பழைய பட்டன் போன். தமிழில் மெசேஜ் வந்தால் எழுத்து தெரியாது, வரிசையாகச் சின்னச் சின்னக் கட்டம்தான் தெரியும். ஆற்றோரத்தில் அந்த மெசேஜுக்குப் பேரே கட்டம். "கட்டம் வந்துகீது, அழிச்சிடு" என்பார்கள். அழிக்காமல் விட்டால் இடம் ரொம்பிப்போய் சிலிண்டர் மெசேஜ்கூட உள்ளே வராது.

போன மாதமும் அவளுக்கு ஒரு கட்டம் வந்தது. எண்கள் மட்டும் தெரிந்தன. நடுவில் 14, கடைசியில் 10.30. ரீசார்ஜ் ஆஃபர் என்று நினைத்து அழித்துவிட்டாள். தரைத்தளம் வேண்டுபவர்கள் பதினாலாம் தேதி காலை பத்தரைக்கு வந்து கைரேகை வைக்க வேண்டும் என்று அலுவலகம் அனுப்பிய மெசேஜ் அது.

விஷயம் தெரியாமல் இருபதாம் தேதி போய் நின்றவளிடம் அதிகாரி நெடுஞ்செழியன், "மெசேஜ் அனுப்பிச்சோமேம்மா, நீங்கதான் வரல. உங்களுக்கு மூணாவது மாடி" என்றார். ஒற்றைக்கால் மனுஷனுக்கு மூணாவது மாடி! மனசாட்சி என்று ஒன்று வேண்டாமா?

நேரே என் கடைக்கு வந்தாள்.

"உக்காரு, மனு எழுதித் தரேன்" என்றேன்.

"நீ எழுத வேணாங்க்கா. நானே எழுதிக்கிறேன். ஒரு பேப்பரும் ஸ்கேலும் குடு."

பேனாவை அழுத்திப் பிடித்துக்கொண்டு கட்டம் போட ஆரம்பித்தாள். பத்து வரி, வெறும் கட்டம். நடுவில் 14, கடைசியில் 10.30. கீழே கையெழுத்து. எனக்குப் புரிந்ததும் கடையை அப்படியே போட்டுவிட்டு அவளோடு கிளம்பினேன்.

நெடுஞ்செழியன் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. தாளை வாங்கினார், சீல் குத்தினார், பேரைக் கேட்டுக் கம்ப்யூட்டரில் ஏதோ தட்டினார். "மெசேஜ் வரும், போங்க" என்றார். சொல்லி வாய் மூடவில்லை, அவள் கையிலிருந்த போன் கத்தியது. கட்டம்!

போனை அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். "படி சார்."

"இன்னாம்மா இது?"

"நீ அனுப்பிச்சதுதான். நீயே படி."

"உன் போன்ல தமிழ் வராதும்மா. வேற போன் வாங்கு."

"அப்டியா?" போனை அவர் மேசைமேல் வைத்தாள். "இப்போ சீல் குத்தினியே, அந்த மனுவுல இன்னா எழுதிகீது? சொல்லு."

அப்போதுதான் அவர் தாளைப் பார்த்தார். தலைகீழாகத் திருப்பியும் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை. எனக்கு எவ்வளவு நிறைவாக இருந்தது தெரியுமா!

வரிசையில் நின்ற ஒரு கிழவர், "எனக்கும் கட்டம்தான் வந்துச்சு, அழிச்சிட்டேன்" என்று தன் போனை மேசைமேல் வைத்தார். "எனக்குந்தான்" என்று பின்னால் நின்றவள் வைத்தாள். ஒவ்வொன்றாக ஒன்பது பட்டன் போன். நெடுஞ்செழியனின் டீ டம்ளருக்கு மேசையில் இடமில்லை.

"சிஸ்டம்ல ஏத்தியாச்சும்மா, மாத்த முடியாது" என்று முனகினார்.

"சிஸ்டமா வந்து என் புருஷன மூணு மாடி தூக்கிக்கினு ஏறப் போவுது? நீ ஏத்துவியா?" என்று கத்தினாள் தேவானை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, ஆனால் குரல் இறங்கவில்லை. மேசைக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். நானும்தான்.

சாயங்காலம் நாலு மணிக்கு, வீடு ஒதுக்கிய பட்டியலில் அம்மாசி பெயருக்கு எதிரே இருந்த 3-ஐ அவர் அடித்து, 'தரை' என்று தமிழில் எழுதினார். அதை எழுத்துக்கூட்டிப் படித்த பிறகுதான் தேவானை மேசையிலிருந்து தன் போனை எடுத்தாள்.