ஊர்க்காரருக்குப் பாதிக் கட்டணம்

பழவேற்காடு ஏரியில் படகு ஏற ஊர்க்காரருக்குத் தலைக்குப் பாதிக் கட்டணம், வெளியூர்க்காரருக்கு முழுசு. நான் அங்கேயே பிறந்தவன். வேலைக்காகக் கும்மிடிப்பூண்டியில் குடியேறியவன். கல்யாணமான புதிதில், திருநின்றவூரில் வளர்ந்த மனைவிக்கு ஏரியைக் காட்டக் கூட்டிப்போனேன். படகுக்காரர் முழுக் கட்டணம் கேட்டார். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"நான் இந்த ஊருப்பா!"

"ஊர்க்காரன் படகைத் தள்ளிவுட்டுத்தான் சார் ஏறுவான். நீங்க ஷூ போட்டுக்கினு மொதல்ல ஏறிக் குந்திக்கினீங்க."

நான் உட்கார்ந்தபடியே சண்டை போட்டேன். அதற்குள் மனைவி செருப்பைக் கழற்றிவிட்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சேற்றில் இறங்கித் தள்ள ஆரம்பித்திருந்தாள்.

திரும்பி வந்ததும் அவளுக்குப் பாதிக் கட்டணம்தான் வாங்கினார். எனக்கு ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை.

இன்றும் யாராவது சொந்த ஊர் எது என்று கேட்டால், என் கண் முதலில் என் காலுக்குத்தான் போகிறது.