தோசைக்குப் பக்கத்தில் ஓர் எண்

உணவகத்தில் பரிமாறுகிறவளுக்கு எந்தக் கேள்விக்கும் பதில் தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் சட்னி எடுக்கப் போவதுபோல உள்ளே போய்விட வேண்டும். சிராங்கூன் ரோட்டுக்குப் பக்கத்தில் ஒரு சைவ உணவகத்தில் ஒன்பது வருடமாகப் பரிமாறுகிறேன். இதே வேலையில் மாட்டிக்கொண்டவர்களே, "காரமா இருக்குமா?", "பூண்டு போட்டிருக்கா?" என்பதையெல்லாம் நாம் தூக்கத்தில்கூடச் சமாளிப்போம். என்னை அதிகமாகச் சட்னிக்கு ஓடவைத்தது கலோரிதான்.

முதல் கேள்வி

மதிய நேரம், நல்ல கூட்டம். கழுத்தில் அலுவலக அட்டை தொங்க ஓர் இளம்பெண் மெனுவைப் புரட்டிவிட்டு, "அக்கா, நெய் ரோஸ்ட் எவ்ளோ கலோரிஸ்?" என்றாள். கைப்பேசியில் ஏற்கெனவே தேடியிருந்தாள். ஒரு செயலி ஒன்று சொன்னது, இன்னொன்று அதைப்போல இரண்டு மடங்கு சொன்னது. பாவம், எதை நம்புவது என்று என் முகத்தைப் பார்த்தாள். என் முகத்திலா எழுதி ஒட்டியிருக்கிறது?

சமையலறைக்குப் போய்க் காசி அண்ணனிடம் கேட்டேன். இருபது வருடமாகத் தோசைக்கல் முன்னால் நிற்கிற மனிதர். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"சாப்பிட்டுட்டு ஆபீஸ்ல தூக்கம் வருதான்னு பாக்கச் சொல்லு. வந்தா ஜாஸ்தி."

அளந்து பார்த்த நாள்

இப்படிக் கேட்பவர்கள் பெருகியதும் முதலாளி ஓர் உணவு ஆலோசகரை வரவழைத்தார். அந்தப் பெண் தராசும் அளவுக் கரண்டியுமாக ஒருநாள் முழுக்க அடுப்படியில் நின்றார். பொறுப்பானவர், மாவு, எண்ணெய், உருளைக்கிழங்கு எதையும் விடவில்லை. காசி அண்ணன் அன்று ஒரே கரண்டி மாவு ஊற்றி, ஒரு டீஸ்பூன் எண்ணெய் விட்டுச் சுட்ட தோசையை எனக்கே அடையாளம் தெரியவில்லை. அவ்வளவு மெலிந்த தோசை எங்கள் கடையில் யாருக்கும் போனதில்லை.

எண்கள் மெனுவில் அச்சாகி வந்தன. எல்லாம் அந்த மெலிந்த தோசையின் கணக்கு என்று தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. நமக்கேன் வம்பு என்று இருந்துவிட்டேன். காசி அண்ணனிடம் மட்டும், "தினமும் இப்படியா ஊத்துறீங்க?" என்று கேட்டேன்.

"பொண்ணு பாக்க வர்றப்ப வீட்டைக் கூட்டி வைக்கிறதில்லையா?"

இலைச் சாப்பாடு

காத்தோங்கிலிருந்து ஞாயிறுதோறும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வருவார். இலைச் சாப்பாட்டுக்குப் பக்கத்தில் இருந்த எண்ணைக் கண்ணாடி போட்டுப் படித்தார், தலையாட்டினார், சாப்பிட உட்கார்ந்தார். சாம்பாருக்கு ஒருமுறை சோறு வாங்கினார். ரசத்துக்கு நான் மறுபடி சோற்று வாளியோடு வந்தபோது கையைக் காட்டி நிறுத்தினார். அந்த நம்பர் முதல் தடவைக்கா, மொத்தத்துக்கா என்று பரீட்சைக் கேள்விபோலக் கேட்டார். முதல் தடவைக்குத்தான் என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அப்ப ரெண்டாவது தடவைக்கு நம்பரே கிடையாது. நல்லாப் போடும்மா."

இரண்டு ராகி தோசை

சிரித்தது அத்தோடு சரி. செல்வராஜ் அண்ணன் பஸ் ஓட்டுகிறவர், வீடு சுவா சூ காங்கில். மனைவி தவறியபிறகு தினமும் வேலை முடிந்ததும் எங்களிடம்தான் சாப்பாடு: இரண்டு ராகி தோசை, சாம்பார். அவருக்குச் சர்க்கரை ஏறிவிட்டது. மூன்று மாதத்தில் இறங்காவிட்டால் ஊசிதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஊசி என்றால் பஸ்ஸை விட்டு இறக்கிவிடுவார்களோ என்று அவருக்குப் பயம். முப்பது வருடம் ஓட்டிய மனிதருக்கு வேறு வேலை தெரியாது. மெனுவில் எண் வந்ததும் அவரைப் போலச் சந்தோஷப்பட்டவர் யாருமில்லை. அதைக் கைப்பேசியில் பதிந்துவிட்டுத்தான் தோசையில் கை வைப்பார்.

மூன்று மாதம் கழித்து ஒரு மாலை வந்து உட்கார்ந்தவர் கைப்பேசியை வெளியே எடுக்கவில்லை. "இறங்கலை மா. டாக்டர் லாஸ்ட் சான்ஸ் குடுத்திருக்காரு. காப்பியில சீனி விட்டேன், பரோட்டா விட்டேன், நீங்க போட்ட நம்பரைத்தான் டெய்லி கீ இன் பண்றேன். நான் எங்க தப்பு பண்றேன்னே தெரியலை லா" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. உள்ளே போய் நின்று பார்த்தேன். காசி அண்ணன் அவருடைய தோசைக்கு ஒன்றரைக் கரண்டி மாவு ஊற்றினார். சுற்றிலும் நெய் விட்டார். மற்றவர்களுக்கு ஊற்றியதைவிட இது அதிகம். ஏன் என்று கேட்டேன்.

"நம்ம ஆளும்மா. இளைச்சுப்போய் வர்றாரு. தெரிஞ்சவருக்கு அளந்தா ஊத்துவாங்க?"

சொல்லிவிட்டேன்

முதலாளி திட்டுவார், நல்ல வாடிக்கையாளர் போய்விடுவார் என்றெல்லாம் தோன்றத்தான் செய்தது. ஆனால் அந்த மனிதர் வெளியே உட்கார்ந்து தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்துக்கொண்டு அவருக்குத் தண்ணீர் ஊற்ற என்னால் முடியவில்லை. காசி அண்ணனைத் தோளில் துண்டோடு வெளியே இழுத்து வந்தேன். அளந்த நாள் கதை, ஒன்றரைக் கரண்டி, நெய், தெரிந்தும் நான் பேசாமல் இருந்தது, எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல வெட்கமாக இருந்தது. காசி அண்ணன் துண்டைக் கையில் எடுத்து முறுக்கிக்கொண்டிருந்தார்.

செல்வராஜ் அண்ணன் கோபப்படுவார் என்று காத்திருந்தேன். பட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். "அப்ப என் உடம்பு என்னைக் கைவிடலை" என்று மெதுவாகச் சொன்னார். கண் கலங்கியிருந்தது. பிறகு காசி அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இனிமே என்னைத் தெரியாத ஆளா நெனைச்சு ஊத்துங்க."

அடுத்த பரிசோதனையில் சர்க்கரை குறைந்தது. அவர் இன்னும் பஸ் ஓட்டுகிறார். விஷயம் தெரிந்து ஆலோசகரும் சொல்லாமல் கொள்ளாமல் ஒருநாள் வந்து, மறுபடி அளந்து எண்களைத் திருத்திக் கொடுத்தார்.

இருந்தாலும் பட்டவள் சொல்கிறேன், உணவகத்தில் உங்களுக்குச் சரியான கலோரி எண் வேண்டுமானால் சமையல்காரருக்கு உங்களைப் பிடித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.