விடியமுன்னம் காஞ்சிடும்

கொழும்பில் அடிப்பது வெயிலே அல்ல என்பது சித்தப்பாவின் கட்சி. வெயில் என்றால் அது வடக்கே, எங்கள் ஊர் வடமராட்சியில் அடிப்பது. அங்கே சித்திரை வைகாசியில் வெளியே இறங்கினால் உச்சந்தலை பிளக்கும். ஆனால் ஒரு வேப்பமரத்தின் கீழ் வந்து நின்றால் வேர்வை காய்ந்து உடம்பு ஆறிவிடும். கொழும்பில் மரத்துக்குக் கீழே நின்றாலும் ஒன்றுதான், மரத்தில் ஏறியிருந்தாலும் ஒன்றுதான். "எங்கட வெயில் முகத்துக்கு நேரை நிண்டு அடிக்கும் அண்ணை. இஞ்சத்த வெயில் சட்டைக்குள்ள பூந்திருந்து கொல்லுது" என்று, வெள்ளவத்தையில் எங்கள் வீட்டில் வந்து இறங்கிய முதல் நாளே அப்பாவிடம் முறையிட்டார். கொழும்பிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு, அந்தப் புழுக்கத்தை நானே செய்து வைத்திருந்ததுபோலக் கோபம் வந்தது. எனக்கு அப்போது ஒன்பது வயது.

அரசாங்கக் கந்தோர்களில் வெள்ளைக்காரத் துரைமார் மின்விசிறிக்குக் கீழே இருந்து எங்களை ஆண்டுகொண்டிருந்த காலம் அது. சித்தப்பா அரசாங்கக் கிளாக்கர் சோதனையை இரண்டு தரம் எழுதித் தவறி, மூன்றாம் தரம் தேறியிருந்தார். நேர்முகத்துக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்திருந்தது. இந்த முறை விட்டால் வயது கடந்துவிடும், பிறகு எழுதவே முடியாது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்ப எனக்கு வழியில்லை.

அம்மா பிள்ளைப்பேற்றுக்கு ஊருக்குப் போயிருந்தா. பள்ளிக்கூடம் விடுமுறை. அப்பா காலையில் ரயிலேறிக் கோட்டைக்கு வேலைக்குப் போனால் பொழுதுபடத்தான் வருவார். ஆகவே பகல் முழுவதும் வீட்டில் சித்தப்பாவும் நானும்தான். அவர் எனக்குச் சமைத்துப் போட்டார், தலைக்கு எண்ணெய் வைத்து முழுகவார்த்தார். இங்கிலீஷ் பத்திரிகையை எடுத்து வைத்துக்கொண்டு, நேர்முகத்துக்குப் பழகுகிறேன் என்று உரத்து வாசித்தார். அவர் வாசிப்பில் ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக எழும்பி நின்றது. பக்கத்து வீட்டுப் பறங்கிக் குடும்பம் பேசுகிற இங்கிலீஷுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்பதால், சித்தப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாது என்று நான் தீர்மானித்துக்கொண்டேன்.

புழுக்கத்துக்கு அவரிடம் ஊர் வைத்தியம் ஒன்று இருந்தது. சீமெந்துத் தரையில் இரண்டு வாளி தண்ணீரை ஊற்றுவார். ஒரு வேட்டியை நனைத்துப் பிழியாமல் முன் வாசலில் திரைபோலக் கட்டுவார். பிறகு இடுப்பில் ஈரத் துவாயோடு தரையில் நீட்டி நிமிர்ந்து கிடப்பார். ஊரில் தென்மேற்கிலிருந்து வரும் சோளகக் காற்று அந்த ஈரத்துணிக்குள்ளால் புகுந்து வரும்போது வீடு குளிர்ந்துபோகுமாம். சோளகம் எங்களுக்கும் வருவதுதான், ஆனால் கொழும்புக்கு அது மழையைக் கட்டிக்கொண்டு வரும். அதற்கு முந்திய அந்த நாட்களில் காற்று என்பதே கிடையாது. வேட்டி சொட்டிக்கொண்டு நின்றது. தரையில் ஊற்றிய தண்ணீர் தரையிலேயே கிடந்தது. வீடு புட்டுப்பானை மாதிரி அவிந்தது. சித்தப்பாவின் முதுகெல்லாம் வேர்க்குரு போட்டது. அதை விசிறிக் காம்பால் சொறிந்துவிடுவது என் வேலை. இத்தனைக்குப் பிறகும் அவர் வாசலில் கட்டிய வேட்டியை அவிழ்க்கவில்லை. நாளைக்குக் காற்று வரும் என்றார்.

பறங்கி வீட்டில் என் வயதில் ஒரு பையன் இருந்தான். அவர்களுடைய முன்னறையில் ஒரு மேசைவிசிறி இருந்தது. பின்னேரங்களில் அதற்கு முன்னால் கொஞ்ச நேரம் இருக்க அவன் என்னை விடுவான். அந்தத் தெருவில் அந்தப் பாக்கியம் எனக்கு மட்டுமே கிடைத்தது என்பதில் எனக்குப் பெரிய பெருமை. ஒரு நாள் அவன் என்னைத் தேடிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்து, வாசலில் தொங்கிய வேட்டியைத் தூக்கிப் பார்த்தான். ஈரத் தரையில், ஈரத் துவாயோடு, நெஞ்சில் பத்திரிகையை வைத்தபடி சித்தப்பா கண்ணை மூடிக் கிடந்தார். உங்கள் வீட்டில் ஒரு டோபி வந்து குடியிருக்கிறானா என்று அவன் இங்கிலீஷில் கேட்டான். நான் சிரித்தேன். சிரித்ததோடு நிற்கவில்லை. ஆம் என்றேன், அடுத்த கிழமை போய்விடுவான் என்றும் சொன்னேன். 'போய்விடுவார்' என்று சொல்ல அந்தப் பாஷையில் வழியில்லை என்று பின்னாளில் எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்ததுண்டு. அது எடுபடவில்லை.

அன்றிரவு சாப்பிடும்போது சித்தப்பா, வேலை கிடைத்தால் நான் இங்கேயே இருந்துவிடுவேன், உனக்கு இங்கிலீஷும் கணக்கும் சொல்லித் தருவேன் என்றார். வருஷம் முழுவதும் வாசலில் அந்த ஈர வேட்டி தொங்கப்போகிறது, மேசைவிசிறி எனக்கு இனி இல்லை என்பதுதான் என் மனதில் ஓடியது.

நேர்முகத்துக்கென்று தைத்த வெள்ளை ட்ரில் கோட்டும் காற்சட்டையும் ஒரே ஒரு சோடிதான் அவரிடம் இருந்தது. நற்சான்றுப் பத்திரம் வாங்கவென்று பம்பலப்பிட்டியில் ஒரு பெரியவர் வீட்டுக்கு அதைப் போட்டுக்கொண்டு நடந்துபோனார். திரும்பி வரும்போது கோட்டு முதுகோடு ஒட்டியிருந்தது. இரண்டு கக்கத்திலும் மஞ்சளாக வேர்வை பிடித்திருந்தது. டோபி கொண்டுபோனால் வர ஒரு கிழமையாகும். நேர்முகமோ அடுத்த நாள் காலை பத்து மணிக்கு. சித்தப்பா கொஞ்சமும் கலங்கவில்லை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, குழாயடியில் குந்தியிருந்து சவர்க்காரம் போட்டுத் தோய்த்தார். சோறு வடித்த கஞ்சியைத் தடிப்பாகப் போட்டார். வீட்டு வளவில் கொடி கட்டி, மடிப்புக் குலையாமல் விரித்துப் போட்டார். நல்ல வெயில்தான் எறித்தது. பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்.

"என்ன மோனை, விடியமுன்னம் காஞ்சிடும்தானே?"

எங்கள் வீட்டில் எனது பள்ளிக்கூடக் காற்சட்டையை வெள்ளிக்கிழமை பின்னேரம் தோய்த்தால்தான் திங்கட்கிழமைக்குக் காயும். அதுவும் இப்படிப் புழுங்குகிற நாட்களில், அம்மா ஞாயிற்றுக்கிழமை இரவு நெருப்புத் தணலின்மேல் கூடையைக் கவிழ்த்து, அதன்மேல் போட்டுக் காயவைப்பா. உப்புச் சாடியில் உப்பே நீராகிப்போகிற கடற்கரை வீடு அது. ட்ரில் என்பது பாய் மாதிரித் தடித்த துணி. அந்த நேரம் அந்த வீட்டில் இதெல்லாம் தெரிந்த ஒரே ஆள் நான். அதனால்தானே என்னிடம் கேட்டார்.

"ஓம் சித்தப்பா, விடியமுன்னம் காஞ்சிடும்" என்றேன்.

அவர் வேலை இல்லாமல் போக வேண்டும் என்று நினைத்துத்தான் சொன்னேனா? அப்படி முழுதாக நினைக்கவில்லை. அவர் ஒரு நாளைக்கு மூக்குடைபட வேண்டும், கொழும்பைக் குறை சொன்ன வாய் அடங்க வேண்டும் என்றுதான் நினைத்தேன் என்று சொல்லலாம். ஆனால் பொழுதுபட்டபோது நான் வளவுக்குப் போய்க் கோட்டின் கையைத் தொட்டுப் பார்த்தேன். நுனியில் தண்ணீர் திரண்டு நின்றது. அப்போதாவது ஓடிப்போய்ச் சொல்லியிருந்தால், தணல் இருந்தது, கூடை இருந்தது, ஓர் இரவு முழுவதும் இருந்தது. நான் கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு சாப்பிடப் போனேன். இதை நினைக்கும்போது இன்றைக்கும் எனக்கு முகம் சுடுகிறது.

காலையில் கோட்டு நனைந்த கோணியாகக் கனத்தது. கஞ்சி புளித்து ஒரு வாடை வேறு. அப்பா சிரட்டைக் கரியைப் போட்டு இஸ்திரிப் பெட்டியை எடுத்துவந்தார். அழுத்த அழுத்த ஆவி பறந்ததே தவிர, உள்ளே இருந்த ஈரம் போகவில்லை. அப்பாவின் கோட்டைப் போட்டுப் பார்த்தார்கள். அப்பா கட்டை, சித்தப்பா பனை உயரம். கை முழங்கையோடு நின்றுவிட்டது. ரயிலுக்கு நேரமாகிவிட்டது. அப்பா பொறுமையிழந்தார்.

"விடியிறதுக்குள்ள காயும் எண்டு உனக்கு ஆரடா சொன்னது?"

சித்தப்பா என் பக்கம் ஒரு தரம் பார்த்தார். பிறகு ஈரக் கோட்டுக்குள் கையை நுழைத்தபடி, "ஊர் நினைப்பில செய்துபோட்டன் அண்ணை" என்றார்.

நேற்று என்னைக் கேட்டதை அவர் மறந்துவிட்டார் என்று எனக்கு ஒரே ஆறுதல். சரியான மறதிக்கார மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று நடந்ததை அவர் பின்னேரம் வந்து ஒரு பகிடிக்கதை போலத்தான் சொன்னார். துரையும் இன்னும் இரண்டு பேரும் இருந்த அறையில், தலைக்கு மேலே பெரிய விசிறி சுழன்றதாம். இவரைச் சரியாக அதற்குக் கீழே இருத்தினார்களாம். கொழும்புக்கு வந்து இத்தனை நாளில் முதன்முதலாகக் காற்று கிடைத்தது, அதுவும் ஈரக் கோட்டோடு இருக்கும்போது. முதலில் சுகமாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் குளிரத் தொடங்கியது. பிறகு நடுங்கியது. பயத்தில் பாதி நடுக்கம், ஈரத்தில் பாதி. பேர் கேட்டபோதே பல்லு அடித்துக்கொண்டதாம். துரை நல்ல மனுஷன், பேனையை வைத்துவிட்டு, உமக்கு மலேரியாவா என்று இரக்கமாகக் கேட்டாராம். இல்லை என்று சொல்ல இவர் வாயைத் திறந்தார், நடுக்கத்தில் சொல் வரவில்லை. காய்ச்சலோடு இவ்வளவு தூரம் வந்திருக்கத் தேவையில்லை என்று சொல்லி, உடம்பைப் பார்த்துக்கொள்ளும்படி அனுப்பிவிட்டார்களாம்.

"மார்கழியிலயும் ஊரில எனக்கு இப்பிடிக் குளிரேல்லை அண்ணை. கொழும்பு வெக்கையில குளிர்ந்து நடுங்கின முதல் ஆள் நானாத்தான் இருப்பன்" என்று சொல்லிச் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. நான் சிரித்தேன். ஒருவரும் சிரிக்காவிட்டால் என்னைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று பயந்து சிரித்தேன்.

அவருக்கு அந்த வேலை கிடைக்கவில்லை. வேறு அரசாங்க வேலையும் கிடைக்கவில்லை. ஊரில் புகையிலைத் தோட்டம் செய்தார், மாலையில் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்தார். நான் வளர்ந்து, உத்தியோகம் பார்த்து, லீவில் அவர் வீட்டுக்குப் போன ஒரு வைகாசியில், நான் தோய்த்துப் போட்ட சட்டை ஒரு வெற்றிலை மென்று துப்புகிற நேரத்தில் காய்ந்து மொறுமொறுத்ததைப் பார்த்தேன். அவர் புளுகவில்லை. அன்றைக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று வாயெடுத்தேன். அவரோ, சோளகம் எழும்பிவிட்டது, மிளகாய்க் கன்றுக்குத் தண்ணீர் கட்ட வேண்டும் என்று எழுந்து போய்விட்டார்.

ஆனால் எனக்குத் திரும்பத் திரும்ப நினைவுக்கு வருவது அவர் கொழும்பை விட்டுப் போன நாள்தான். பெட்டியைக் கட்டி வைத்துவிட்டு, முன் வாசலுக்குப் போய், அத்தனை நாளும் தொங்கிய வேட்டியை அவிழ்த்தார். பிழிந்தார். நாலாக மடித்தார். நான் வாசற்படியில் இருந்தேன். என் தலையில் ஈரக்கையை வைத்தார்.

"உன்ர சிநேகிதனை இனி நீ வீட்டுக்குக் கூப்பிடலாம் மோனை."

இங்கிலீஷில் சோதனை எழுதித் தேறிய மனிதர் அவர். எனக்கு அப்போது அது தோன்றவேயில்லை. கொழும்புப் புழுக்கத்துக்கு ஈரத்துணி சரிவராது என்பதைச் சித்தப்பா ஒருவழியாக ஒப்புக்கொண்டுவிட்டார் என்று நினைத்து, உள்ளுக்குள் சந்தோஷப்பட்டுக்கொண்டு, அவருடைய பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்தபடி ஸ்டேஷன் வரைக்கும் கூடப் போனேன்.