தம்பியின் காணி நிழல்

எங்கள் காணியைக் கண்டுபிடிக்கவே எங்களுக்கு மூன்று நாள் எடுத்தது. போர்க்காலத்தில் சிலாவத்துறைப் பக்கத்து எங்கள் ஊரை விட்டுப் புத்தளத்துக்கு ஓடி, இருபது வருடம் ஓலைக் குடிசையில் கிடந்துவிட்டுத் திரும்பி வந்தால், வீடு இருந்த இடத்தில் காடு நின்றது. பாலை, வீரை, உடை மரங்கள். கடைசியில் கிணற்றுக் கட்டை வைத்துத்தான் எங்களுடையது என்று தெரிந்தது.

காட்டை அழிக்கப் புல்டோசரைக் கூப்பிடச் சொன்னார்கள் ஊரில். வேறு வழியும் இல்லை. மரம் நின்றால் காடு, காடென்றால் அரசாங்கத்துக்கு. எல்லைக்கல் நட வன இலாகா ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். ஒரே நாளில் டோசர் எல்லாவற்றையும் புரட்டிப் போட்டது. குவித்துக் கொளுத்தினேன். ஒரு கிழமை, ஏழு நாளும் எரிந்தது. ஊர் முழுக்க அதே புகை. அதைப் பார்த்துச் சந்தோசத்தில் அழுதேன். பொய் சொல்லவில்லை.

நான் விஞ்ஞான வாத்தியார். பள்ளியில் அடுத்த தவணை பச்சைவீட்டு விளைவு படிப்பித்தேன். மரம் ஆயுள் முழுக்கக் காற்றிலிருந்து எடுத்துச் சேர்த்த காபன், எரித்தால் காபனீரொட்சைட்டு வாயுவாகக் காற்றுக்கே திரும்பும். வாகனமும் ஆலையும் கக்குவதோடு சேர்ந்து பூமியின் சூட்டை வெளியே விடாமல் பிடித்து வைக்கும் என்று கரும்பலகையில் அம்புக்குறி போட்டேன். தகரக் கூரைக்குக் கீழே எனக்கு வேர்வை ஒழுகியது. படிப்பது தேவாரம், இடிப்பது சிவன் கோயில் என்று என் சைவக்கார நண்பர் சொல்வார். அன்று அது என்னைத்தான் சொன்னது.

என் ஒரு காணியால் உலகம் கெட்டது என்று சொல்ல நான் மடையன் இல்லை. ஆனாலும் மாரி வரவரப் பிந்தியது. வந்தால் ஒரே நாளில் கொட்டிவிட்டுக் கடலுக்கு ஓடியது. பிடித்து வைக்க வேர் இல்லை. கிணறு முதலில் கலங்கியது, பிறகு உவர்த்தது.

பகலில் வீட்டுக்குள் இருக்க முடியாது. பக்கத்துக் காணி என் தம்பியுடையது. அவன் இன்னும் புத்தளத்தில் இருந்ததால் அங்கே மட்டும் மரங்கள் நின்றன; கல் நடுகிறவர்கள் இன்னும் அதுவரை வரவில்லை. சமையல் முடிந்ததும் மனைவி பாயை எடுத்துக்கொண்டு அங்கே போய்விடுவாள்.

"இந்த நிழல் இருக்கிறபடியாத்தான் நான் இருக்கிறன். இல்லாட்டி பிள்ளையையும் கூட்டிக்கொண்டு புத்தளத்துக்கே போயிடுவன்" என்பாள். அவள் சொன்னால் செய்கிறவள். நானும் கூடப் போகலாமா? வீட்டைப் பூட்டிவிட்டுப் போனால் நாலு மாரியில் மறுபடி மரம் முளைக்கும், கல் நடுவார்கள். இருக்கவும் முடியாது, போகவும் முடியாது. எரிச்சலில் பிள்ளைகளுக்கு வகுப்பில் சும்மா ஏசினேன்.

அந்த வருடம் மாரி வரவேயில்லை. மழைக்காகத் தொழ முடிவு செய்தார்கள். அந்தத் தொழுகையை வெட்டவெளியில் தொழ வேண்டும். முன்பு அதற்குக் கடற்கரைக்குப் போவார்களாம்; இப்போது ஊரே வெட்டவெளி. வாயில்லா ஜீவனுக்காகவாவது மழை இறங்கட்டும் என்று ஆடுகளையும் ஓட்டிக்கொண்டு வந்தோம்.

"முதல்ல தவ்பா செய்யுங்கோ, செய்த பாவத்துக்கு மன்னிப்புக் கேளுங்கோ" என்றார் மௌலவி. "அநியாயமா எடுத்ததைத் திருப்பிக் குடுங்கோ. பிறகு மழையைக் கேளுங்கோ."

தொழுதபின், நிலைமை மாறட்டும் என்று எல்லோரும் வழக்கப்படி தோள் சால்வையை வலம் இடமாகப் புரட்டிப் போட்டோம். நானும் புரட்டினேன். எரித்த மரத்தை யாரிடம் திருப்பிக் கொடுப்பது? மறுபடியும் அழுதேன், இந்த முறை வெட்கத்தில்.

தொழுகைக்கென்று புத்தளத்திலிருந்து வந்த தம்பி பக்கத்தில் நின்றான். அண்ணனான என்னை அவன் நானா என்றுதான் கூப்பிடுவான்.

"நானா, நானும் வந்திடப் போறன். கெதியாக் காணியைத் துப்பரவாக்கச் சொல்லி அரசாங்கக் கந்தோரில சொல்லுறாங்கள். அந்த டோசர்காரன்ர நம்பர் இருக்கோ?"

"எங்கட பக்கத்து நாலு மரத்தை விடன்ரா."

"விட்டா அதைக் காடெண்டு எழுதிப்போடுவாங்கள். நீங்களும் விடேல்லைத்தானே?"

அவனும் இருபது வருடம் குடிசையில் கிடந்தவன். மறுக்க எனக்கு என்ன வாய் இருந்தது? தூரத்தில், அவன் மரங்களுக்குக் கீழே என் மனைவி பாயை விரித்து எங்கள் எல்லோருக்கும் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். சால்வை இன்னும் புரட்டியபடியே என் தோளில் கிடந்தது. போனைத் திறந்து தேடத் தேவையிருக்கவில்லை. ஊரில் வந்து இறங்கிய ஒவ்வொருவருக்கும் சொல்லிச் சொல்லி அந்த நம்பர் எனக்கு மனப்பாடம். சொன்னேன்.